ஒரு சோறு பதமாகுமா?
(சதுரங்க எஞ்சினின் புதுப் பதிப்பைச் சோதித்தறியும் முறை)

தோற்றுவாய்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அடுப்பங்கரையில் இதற்கு மாறு சொல்வாரிலர். ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே பொழுதில் வெந்த அரிசியாதலின், ஒன்றின் நிலை ஏனையவற்றின் நிலையை உணர்த்திவிடுகின்றது. ஆயினும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குச் சென்றோர் இப்பழமொழியின் எல்லையையும் கண்டிருப்பர். புளி வாங்க வந்தவர் மூட்டையின் வாயிற் கிடப்பதை மட்டும் நோக்கி விலை பேசுவதில்லை. முழங்கையளவு கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்த்த பின்னரே வாய் திறக்கின்றார். பானை வேறு, மூட்டை வேறு என்பது அவர்க்குத் தெரியும். பானையிலுள்ளது ஒருசீராக வெந்தது. மூட்டையிலுள்ளதோ ஒருசீராக இருந்தே தீரும் என்னும் நியதியில்லை.

சதுரங்க ஆட்டம் இவ்விரண்டனுள் எதனைப் போன்றது? ஓர் ஆட்டத்தைக் கண்டு, ஆடுவோரின் வலிமையை அளந்துவிடலாமா? பத்து ஆட்டங்கள் போதுமா? நூறு வேண்டுமா? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருளாவன. இவற்றின் விடையை யாம் நூலிற் கற்பதற்கு முன்னர்ப் பிழைபட்டுக் கற்றோம். ஆதலின் அப்பிழையை முதற்கண் உரைத்துவிடுதல் முறையாகும்.

நம் மாணவ நண்பர் ஒருவர் போச்சம்பள்ளியைச் சார்ந்தவர். கணினியிற் சதுரங்கம் ஆடவல்ல சிறு நிரல் ஒன்றைத் தாமே எழுதியவர். இத்தகைய நிரலைச் சதுரங்க எஞ்சின் என்று வழங்குவர். சென்ற கோடை விடுமுறையில் அவர் தம் எஞ்சினிற் சில மாற்றங்கள் செய்து இரண்டாம் பதிப்பை ஆக்கினார். தடையற்ற நேர்வரிசையில் நிற்கும் யானைக்கு அளிக்கும் மதிப்பை உயர்த்தியதே அவற்றுள் தலையாயது. யாம் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்த நாளில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் எதிரெதிரே ஆடவிட்டோம். சமனாக முடிந்தவற்றை நீக்கி எண்ணியபோது, இருபது ஆட்டங்களில் புதியது 12 வென்று 8 தோற்றது. யாம் கைகொட்டினோம். அன்றிரவே நண்பர்கள் பலர்க்கும் “புதுப் பதிப்பு வென்றது” என்று செய்தி அனுப்பினோம்.

நண்பரின் தமையனார் அவ்வூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையிற் பொருள்களின் தரம் பார்க்கும் பிரிவிற் பணி செய்பவர். சதுரங்கம் அறியாதவர். இரவுப் பணிக்குப் புறப்பட்டவர் எங்கள் ஆரவாரத்தைக் கேட்டு வாயிலில் நின்று, “தம்பி, இருபது பார்த்தாய், சரி, இருபதோடு நிறுத்தலாம் என்று எதைக் கொண்டு முடிவு செய்தாய்?” என்று வினவினார். எங்களிடம் விடையில்லை. உண்மையைச் சொல்லின், பத்து ஆட்டங்களில் ஐந்துக்கு ஐந்தாக நின்றபோது யாம் நிறுத்தவில்லை. புதியது முந்திய பின்னரே நிறுத்தினோம். எங்கள் விருப்பம் நிறைவேறிய இடத்தைச் சோதனையின் முடிவாக்கிக்கொண்டோம் என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

சோதனைக்குரிய பொருள்

இனி, எஞ்சின் என்பது யாதென்று சிறிது காண்போம். அதற்கு இரண்டு ஆற்றல்கள் உள. ஒன்று தேடல்: நான் இங்ஙனம் நகர்த்தினால் எதிரி எங்ஙனம் நகர்த்துவான், அதன்மேல் யான் செய்யத்தகுவது யாது என்று கிளைகிளையாக எண்ணிச் செல்லுதல். மற்றொன்று மதிப்பீடு: அங்ஙனம் சென்றடைந்த நிலையில் எவர் கை ஓங்கியுள்ளது என்று ஓர் எண்ணாற் கூறுதல். புதுப் பதிப்பு எதுவாயினும் அதன் மாற்றம் பெரும்பாலும் இவ்விரண்டனுள் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும்.

இன்று உலகிற் பெயர்பெற்று விளங்கும் எஞ்சின்களுள் ஸ்டாக்ஃபிஷ் தலைசிறந்தது. நார்வே நாட்டினரான டோர்ட் ரோம்ஸ்டாட் இயற்றிய கிளோரங் என்னும் நிரலிலிருந்து, இத்தாலியரான மார்க்கோ கோஸ்டால்பா 2008ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். இதன் மூல நிரல் எவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விரும்புவோர் எவரும் திருத்தம் கூறலாம். மனிதர் கையால் வகுத்த மதிப்பீட்டு விதிகளே இதில் நெடுங்காலம் ஆண்டுவந்தன. ஜப்பானியச் சதுரங்கமாகிய ஷோகிக்கென யூ நாசு என்பார் 2018இல் வகுத்த நரம்பு வலைப்பின்னல் முறை 2020ஆம் ஆண்டில் 12ஆம் பதிப்பிற் புகுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 16.1ஆம் பதிப்பில் பழைய கைவிதிகள் முற்றும் நீக்கப்பட்டன.

இதனால் நமக்கென்ன என்று கேட்பாருமுளர். விசுவநாதன் ஆனந்த் உலக வெற்றி வீரராய் விளங்கியதும், 2022இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நிகழ்ந்ததும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் தம் 18ஆம் வயதில் உலகப் பட்டம் பெற்றதும் நம் நாட்டுச் சிற்றூர்ச் சிறுவர் பலரையும் சதுரங்கப் பலகையின்முன் அமர்த்தியுள்ளன. ஆசிரியர் இல்லாத ஊரிற் கைப்பேசியிலுள்ள எஞ்சினே ஆசிரியர். அது நன்றென்று காட்டுவதை நன்றென்றும், பிழையென்று காட்டுவதைப் பிழையென்றும் சிறுவர் நம்புகின்றனர். ஆசிரியரைச் சோதித்தறியும் முறையைத் தெரிந்துகொள்ளுதல் மாணவர்க்குத் தகாத செயலன்று.

முதற் சோதனை: விதி பிறழாமை

எஞ்சின் வலிமையுடையதா என்று காண்பதற்கு முன், அஃது ஆட்டத்தின் விதிகளை அறியுமா என்று காணவேண்டும். இதற்கெனவுள்ள சோதனையைப் பெர்ஃப்ட் என்பர். தொடக்க நிலையில் வெள்ளைக்கு உரிய நகர்வுகள் எத்தனை? சிப்பாய்கள் எட்டும் ஒவ்வொன்றும் இருவகையாக நகரலாமாதலின் 16, குதிரைகள் இரண்டும் இருவகையாகத் தாவலாமாதலின் 4, ஆக 20. இவை ஒவ்வொன்றிற்கும் கறுப்பின் மறுமொழி இருபதாதலின் இரண்டாம் படியில் 400. மூன்றாம் படியில் 8,902. நான்காம் படியில் 1,97,281. ஐந்தாம் படியில் 48,65,609. இவ்வெண்கள் பலரும் பலமுறை கணித்து ஒப்புக்கொண்டவை. நம் எஞ்சின் எண்ணிச் சொல்லும் தொகை இவற்றினின்று ஒன்றே ஒன்று மாறினும், எங்கோ ஒரு விதி பிழையாக எழுதப்பட்டுள்ளது என்பது திண்ணம்.

தொடக்க நிலையொன்றை மட்டும் சோதித்து அமைதல் போதாது. ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டுதல், சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியாதல் முதலியன தொடக்கத்தின் முதற்சில படிகளில் நிகழ்வனவல்ல. ஆதலின் அவை நிறைந்து வருமாறு அமைத்த வேறு நிலைகளிலும் எண்ணிப் பார்ப்பர். மூட்டையின் அடியிற் கைவிடுதல் என்பது இதுவே. நம் நண்பரின் எஞ்சின் முதன்முறை இச்சோதனையில் தவறியது. எதிரியின் தாக்குதலுக்குட்பட்ட கட்டத்தைக் கடந்து கோட்டை கட்டலாகாது என்னும் விதியை அவர் மறந்திருந்தார்.

இன்னுமொன்று. எஞ்சினின் போக்கை மாற்றாது வேகத்தை மட்டும் மிகுவிக்கும் திருத்தங்களும் உள. அவற்றிற்கு ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஓர் எளிய முறை கொண்டுள்ளனர். குறித்த சில நிலைகளைக் குறித்த ஆழம் வரை தேடவிட்டு, அது தேடிய கணுக்களின் மொத்தத் தொகையைக் குறித்துக்கொள்வர். திருத்தத்திற்கு முன்னும் பின்னும் அத்தொகை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மாறின், போக்கு மாறியது என்று பொருள்.

இவ்வகைச் சோதனைகளில் ஐயத்திற்கு இடமில்லை. ஒரு பிழை கண்டால் அவ்வொன்றே தள்ளுதற்குப் போதும். ஆனால் வலிமையைச் சோதிக்கும்போது இந்நிலை தலைகீழாகின்றது. அங்கே ஒரு வெற்றி எதனையும் நிலைநாட்டாது.

இரண்டாம் சோதனை: வலிமை

வலிமையை அளக்கும் கோலாக இன்று வழங்குவது எலோ எண். ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகப் பேராசிரியராய் விளங்கிய ஆர்பாட் எலோ இதனை வகுத்தார். 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இதனை ஏற்றது. இருவர்க்கிடையே எலோ வேறுபாடு இல்லையாயின் ஒருவர் பெறத்தக்க புள்ளி நூற்றுக்கு 50. வேறுபாடு 100 ஆயின் வலியவர் நூற்றுக்கு 64 பெறுவர். 200 ஆயின் 76. 400 ஆயின் ஏறக்குறைய 91. வேறுபாடு 2 மட்டுமே ஆயின் நூற்றுக்கு 50.3 என்னும் அளவிலேயே நிற்கும். சிறந்த எஞ்சினிற் செய்யப்படும் ஒரு நல்ல திருத்தம் பெரும்பாலும் இத்தகைய இரண்டொரு எலோவே தருவது. ஆதலின் நூற்றுக்கு ஐம்பதையும், நூற்றுக்கு ஐம்பதும் சிறிதளவும் மிகுந்ததையும் பிரித்தறிய வேண்டிய இடர் நம்முன் நிற்கின்றது.

எங்கள் 12க்கு 8 என்பதன் தகுதியை இனிப் பார்ப்போம். நாணயமொன்றை இருபது முறை சுண்டுக. தலை 12 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 25. அதாவது, இரண்டு பதிப்புகளும் வலிமையில் முற்றும் நிகரானவையாயினும், நான்கு முறை சோதித்தால் ஒருமுறை புதியது 12 அல்லது அதற்கு மேல் வென்றிருக்கும். நான்கில் ஒருமுறை நாணயமும் செய்துகாட்டும் வித்தைக்கு யாம் கைகொட்டினோம்!

ஆட்டங்களின் தொகை மிக மிகப் பிழையின் அளவு குறையும். ஆயின் மெல்லவே குறையும். பிழை பாதியாக வேண்டுமெனின் ஆட்டம் நான்கு மடங்கு ஆகவேண்டும். ஆட்டங்களிற் பாதி சமனாக முடிவதாகக் கொண்டு கணக்கிட்டால், 100 ஆட்டங்களிற் கண்ட எலோ வேறுபாடு இருபுறமும் 48 வரை தவறக்கூடும். 10,000 ஆட்டங்கள் ஆடியபின்னும் 5 எலோ வரை தவறக்கூடும். அப்பிழையை 2 எலோவுக்குள் அடக்கவேண்டுமாயின் ஏறக்குறைய 58,000 ஆட்டங்கள் வேண்டும். இக்கணக்கு நூற்றுக்கு 95 உறுதியை நாடியது. சதுரங்கம் பானைச் சோறன்று என்பது இதனால் தெளிவாகும்.

எண்ணிக்கை மட்டும் மிகுந்தாற் போதுமோ எனின், போதாது. ஆடும் நிலை இருதிறத்தார்க்கும் ஒன்றாதல் வேண்டும். இரண்டு எஞ்சின்களுக்கும் நேரமும் நினைவகமும் கணினியின் வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். வெள்ளைக்கு முதல் நகர்வின் நலம் உண்டாதலின், ஒரே தொடக்கத்தை இருமுறை ஆடவிட்டு நிறத்தை மாற்றவேண்டும். ஒரே தொடக்கத்தையே எப்பொழுதும் ஆடின் ஒத்த ஆட்டங்களே மீண்டும் மீண்டும் வருமாதலின், பல்வேறு தொடக்கங்களின் தொகுப்பொன்று வேண்டும். வலிமைமிக்க எஞ்சின்கள் நேரான தொடக்கத்தில் பெரும்பாலும் சமனே செய்கின்றன; அதனால் ஒருபுறம் சற்றே சாய்ந்த தொடக்கங்களைத் தேர்ந்தெடுத்து, இருவரையும் இருபுறமும் ஆடச் செய்வதும் இக்காலத்து வழக்கம்.

புகழ்பெற்ற போட்டிகளையும் இக்கண்கொண்டு நோக்குதல் தகும். 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் டீப் புளூ என்னும் கணினி காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. அது மனித வரலாற்றில் மறக்கலாகாத நாள்; ஆயினும் ஆடியவை ஆறே ஆட்டங்கள். இருவரின் வலிமை வேறுபாட்டை அளக்க ஆறு ஆட்டங்கள் கருவியாகா. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தார் தம் ஆல்ஃபாஸீரோ, ஸ்டாக்ஃபிஷின் 8ஆம் பதிப்போடு 100 ஆட்டங்கள் ஆடி 28 வென்று 72 சமன் செய்து ஒன்றும் தோற்கவில்லை என்று வெளியிட்டனர். அங்கே ஐயம் எண்ணிக்கையைப் பற்றியதன்று, நிலையைப் பற்றியது. நகர்வுக்கு ஒரு நிமிடம் என்னும் கட்டுப்பாடும், ஸ்டாக்ஃபிஷுக்கு அளித்த நினைவகம் சிறிதாதலும் குறைகூறப்பட்டன. 2018இல் அவர்கள் நிலைகளை மாற்றி 1,000 ஆட்டங்கள் ஆடி, 155 வென்று 6 தோற்று எஞ்சியவை சமனானதைக் காட்டினர். முதற்சோதனையிற் குறை கூறியோர்க்குச் சினந்து விடையிறுக்காது, திருந்திய சோதனையால் விடையிறுத்தது பாராட்டற்குரியது.

எண்ணுதலை நிறுத்தும் இடம்

தமையனார் வினவியதற்கு இன்னும் விடை கூறினோமல்லம். எங்கே நிறுத்துவது? 58,000 ஆட்டங்களை முன்னரே குறித்துக்கொண்டு முடியும் வரை காத்திருத்தல் ஒரு வழி. அது நேர்மையான வழியேயெனினும் வீண்செலவு மிக்கது. முற்றும் பயனற்ற திருத்தமொன்று சில நூறு ஆட்டங்களிலேயே தன் நிறத்தைக் காட்டிவிடும். அதன்பின்னும் ஆடுவது வீண். இடையிடையே பார்த்து, மனத்திற்கு இசைந்தபோது நிறுத்துவதோ மேற்கூறியவாறு தன்னைத்தான் ஏமாற்றுதல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட செவ்விய வழியொன்றைக் கண்டவர் ஆபிரகாம் வால்டு.

வால்டு 1902இல் அன்றைய ஹங்கேரியைச் சார்ந்த கொலோஷ்வார் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தார். வியன்னாவிற் கணிதம் பயின்று, 1938இல் அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமைந்த புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவிற் பணியாற்றினார். போர்க்கருவிகளைச் சோதிப்பதற்கு எண்ணற்ற முறை சுட்டுப் பார்த்தல் வேண்டியிருந்தது. பழகிய படைத்தலைவர் ஒருவர் சில குண்டுகளிலேயே முடிவை உணர்ந்துவிடுவாரே, எஞ்சியவற்றை ஏன் வீணாக்கவேண்டும் என்னும் வினா 1943இல் அக்குழுவில் எழுந்தது. அதற்கு விடையாக வால்டு வகுத்ததே தொடர்முறைச் சோதனை. போர்க்கால மறைபொருளாக இருந்த அது 1945இல் வெளிவந்தது; 1947இல் நூலாயிற்று. வங்காளத்திற் சணல் பயிரின் பரப்பை அளக்க நம் நாட்டு மகலநோபிஸ் கையாண்ட படிப்படியான மாதிரி முறையை இதற்கு ஒரு முன்னோடியென்று வால்டு தம் நூலிற் குறித்துள்ளார்.

ஒத்த கருத்தை இங்கிலாந்தில் ஆலன் டூரிங் பகைவரின் மறைமொழியை அவிழ்க்குங்கால் தனியே கையாண்டார். அவர்தம் தாயார் நம் போத்தனூரிற் பிறந்தவர் என்பது பலரறியாச் செய்தி. அவரே 1948இல் தம் நண்பர் சாம்பர்னவுனோடு கூடிச் சதுரங்கம் ஆடும் நிரல் ஒன்றை வகுத்தார். அதனை ஏற்று நடத்தும் கணினி இன்மையால், 1952இல் தாமே தாளிற் கணக்கிட்டு ஓர் ஆட்டம் ஆடித் தோற்றார். தொடர்முறைச் சோதனையும் சதுரங்க நிரலும் அவரிடத்து ஒருங்கே இருந்தும், ஒன்றை மற்றொன்றாற் சோதிக்கும் காலம் அன்று வரவில்லை.

வால்டின் முறையை எளிய கணக்காற் காட்டுதும். இரண்டு கூற்றுகளைத் தராசின் இரு தட்டுகளில் வைக்க. ஒன்று: “புதியது பழையதற்கு நிகர், நூற்றுக்கு 50 வெல்லும்.” மற்றொன்று: “புதியது மேம்பட்டது, நூற்றுக்கு 60 வெல்லும்.” புதியது ஓர் ஆட்டம் வென்றால், இரண்டாம் கூற்றின்படி அதன் வாய்ப்பு 60, முதற் கூற்றின்படி 50, ஆதலின் ஒன்றில் தொடங்கிய கணக்கை 1.2ஆற் பெருக்குக. தோற்றால் 40க்கு 50, ஆதலின் 0.8ஆற் பெருக்குக. பெருக்குத்தொகை 19ஐக் கடந்தால் இரண்டாம் கூற்றை ஏற்று நிறுத்துக. 19இல் ஒரு பங்கிற்குக் கீழே இறங்கினால் முதற் கூற்றை ஏற்று நிறுத்துக. இடையில் நிற்கும்வரை ஆட்டத்தைத் தொடர்க. 19 என்பது எங்கிருந்து வந்தது எனின், நூற்றுக்கு 5 அளவே பிழையை ஏற்போம் என்று துணிந்தமையால் 95ஐ 5ஆல் வகுக்க வந்தது.

எங்கள் 12 வெற்றி 8 தோல்வியை இக்கணக்கில் இட்டுப் பார்த்தோம். பெருக்குத்தொகை ஒன்றரை! பத்தொன்பது எங்கே, ஒன்றரை எங்கே? இதே விகிதத்தில் 60க்கு 40 ஆகியிருப்பினும் தொகை ஏழரையே. 90க்கு 60 ஆகும்போதுதான் 20ஐக் கடந்து முடிவு கிட்டும். ஒரு தோல்வியுமின்றித் தொடர்ந்து வென்றாலும் 17 ஆட்டங்கள் வேண்டும். இம்முறையின் சிறப்பு யாதெனின், இடையில் எத்தனை முறை பார்த்தாலும் பழுதில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் பார்ப்பதற்கென்றே எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வெல்லைகளை ஆட்டம் தொடங்கும் முன்னரே குறித்துவிடவேண்டும், பின்னர் நகர்த்தலாகாது.

ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் இதனையே பெரிதாக நடத்துகின்றனர். 2013இல் கேரி லின்ஸ்காட் அமைத்த ஃபிஷ்டெஸ்ட் என்னும் ஏற்பாட்டில், உலகெங்குமுள்ள அன்பர்கள் தத்தம் கணினிகளின் ஓய்வுநேரத்தை இலவசமாக உதவுகின்றனர். திருத்தம் ஒவ்வொன்றும் முதலில் விரைந்த ஆட்டங்களில் ஆடப்படும்: ஒருவர்க்குப் பத்து விநாடியும், நகர்வுக்குப் பத்திலொரு விநாடியும். அதிற் தேறினால் அறுபது விநாடி ஆட்டங்களில் மீண்டும் ஆடப்படும். நிறம் மாறிய இரண்டு ஆட்டங்களை ஓரிணையாகக் கொண்டே கணக்கிடுவர். அங்குக் காணப்படும் 2.94 என்னும் எல்லையெண், நாம் மேலே கூறிய 19இன் இயற்கை மடக்கையேயன்றி வேறன்று. கூறப்படும் திருத்தங்களிற் பெரும்பாலன தோற்றுப்போகின்றன. அஃது இழிவன்று, அங்கே அன்றாட நிகழ்ச்சி. நிரலின் ஒரு பகுதியை நீக்கியும், நீக்கியதால் வலிமை குறையவில்லை என்று சோதித்து ஏற்பதும் உண்டு. 2024 செப்டம்பரில் 17ஆம் பதிப்பு வந்தபோது, அது 16ஆம் பதிப்பினும் 46 எலோ வரை மேம்பட்டது என்று கூற இயன்றது இத்தகைய சிறு ஏற்றங்கள் பல அடுக்காகச் சேர்ந்தமையாலேயே. தன் முன்னோனை வென்றது பிறரையும் அவ்வளவே வெல்லும் என்பது உறுதியன்று. ஆதலின் 2010 முதல் நடைபெறும் டி.சி.இ.சி. போட்டி போன்ற களங்களில் வேற்று எஞ்சின்களோடும் ஆடிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

நிற்க. நம் நண்பரின் எஞ்சின் என்னாயிற்று? தமையனார் சொல் தைத்தமையால், 60க்கு 50 என்னும் எல்லைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, கியூட்செஸ் என்னும் கருவியால் இரு பதிப்புகளையும் மீண்டும் இரவெல்லாம் ஆடவிட்டோம். இரண்டாம் இரவின் முடிவில், சமன் நீக்கிய ஆட்டங்கள் 110 ஆயின. வெற்றி 53, தோல்வி 57. தொகை 19இல் ஒரு பங்கிற்குக் கீழே இறங்கிற்று. நூற்றுக்கு 60 வெல்லும் என்னும் உரிமை நில்லாது போயிற்று. புதியது தாழ்ந்தது என்று இதனால் நிலைநாட்டியதாகாது. இரண்டொரு எலோ ஏற்றம் அதில் ஒளிந்திருப்பினும் இருக்கலாம். அதனைக் காண்பதற்கு எங்கள் ஒற்றை மடிக்கணினி போதாது. இவ்வளவே அறிந்தோம், இதற்குமேல் அறியோம் என்று பிரித்துச் சொல்வதே சோதனையின் பயன்.

முன்னர்ச் செய்தி அனுப்பிய நண்பர் அனைவர்க்கும் மறுப்புச் செய்தி அனுப்பவேண்டியதாயிற்று. அனுப்புவதற்கு எமக்கு அரைநாள் பிடித்தது. எழுதுவதற்கோ இரண்டே வரி. மூன்று திங்கள் உழைத்தவர் நண்பர். அவர் முகம் வாடியது உண்மை. தமையனார் அவரை நோக்கி, “எங்கள் பட்டறையில் தள்ளிய பொருளை மறைப்பவன்தான் குற்றவாளி, தள்ளியவன் அல்லன்” என்றார். போச்சம்பள்ளிப் பகுதியில் 2021 முதல் மின்சார ஸ்கூட்டர்கள் ஆக்கும் ஆலையும் எழுந்துள்ளது. அத்தகைய வண்டியின் தடுப்பானிற் பொருத்தும் ஓர் உறுப்பைச் சோதிப்பவர், தமக்கு இசைந்தபோது எண்ணுதலை நிறுத்துவாராயின் விளைவு என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. சதுரங்கத்திற் போவது ஒரு ராணி. சாலையிற் போவது ஓருயிர். பழக்கம் ஒன்றே.

இம்முறையைக் கைக்கொள்ள விரும்பும் மாணவர்க்குச் சில சொல்லி முடிப்போம். சோதனையைத் தொடங்குமுன் எதனை நிலைநாட்டப் புகுந்தீர், எங்கே நிறுத்துவீர் என்பவற்றை எழுதி வையுங்கள். விதிச் சோதனையை முதலில் முடியுங்கள். நிறத்தை மாற்றியும் தொடக்கங்களைப் பரப்பியும் ஆடவிடுங்கள். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள். இரண்டைக் கலப்பின் எது பயன் தந்தது என்று அறிய இயலாது. தோற்ற திருத்தத்தையும் ஏட்டிற் குறித்து வையுங்கள்; அடுத்த ஆண்டு வருவோர் அதே வழியில் மீண்டும் நடவாமலிருக்க அது துணைசெய்யும்.

தொடர்முறைச் சோதனையைக் கண்ட வால்டு இந்தியாவிற் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பர் 13ஆம் நாள், தம் மனைவியாரோடு சென்ற விமானம் நம் நீலகிரி மலையில் மோத, இருவரும் உயிர் துறந்தனர். அவர்க்கு அப்பொழுது 48 வயது. அவர் வகுத்த எல்லைக்கோடுகள் இன்று ஆலைகளிலும் மருந்துச் சோதனைகளிலும் சதுரங்கக் களங்களிலும் வாழ்கின்றன. எதனையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு பவுலடிகள் தெசலோனிக்கேய சபையார்க்கு எழுதிய அறிவுரையை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். சோதித்தல் என்பது ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தலோடு அமையாது என்பதையும், நம் விருப்பம் எங்கே முடிகின்றதோ அங்கே சோதனை முடிந்துவிடாது என்பதையும் போச்சம்பள்ளியின் இரண்டு இரவுகள் எமக்குக் கற்பித்தன. நண்பர் இப்பொழுது மூன்றாம் பதிப்பை எழுதத் தொடங்கியுள்ளார். எல்லைகளைக் குறித்த தாள் அவர் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கின்றது.